அபூர்வ பேட்ச், ஆகாசப் புளுகு

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள கடமுடான்னு உருண்டுட்டு இருந்த விஷயம். இன்னிக்குக் கொட்டிடறதுன்னு உக்காந்துட்டேன். ஸ்டாம்பு, பழைய காசு, தீப்பெட்டி லேபிள்னு சேர்த்து வெச்சு வீட்ல திட்டு வாங்கற புண்ணியவான்களுக்கு இது சட்டுனு புரியும். மத்தவங்க 'இந்தாளுக்கு வேற சோலியே இல்லையா'ன்னு நெனச்சாலும் பரவாயில்ல, படிச்சு முடிச்சுட்டு நெனைங்க.

நான் சேர்க்கறது வியட்நாம் போர்க்காலத்து ராணுவச் சின்னங்கள். அதிலயும் தென் வியட்நாம் ராணுவத்தோடது. 1955-ல் தனி நாட்டு ராணுவமா வந்து, 1975 ஏப்ரல் 30-ல் சைகோன் விழுந்த அன்னிக்கே இல்லாமப் போன ராணுவம். இருபதே வருஷம். தோள்ல தைக்கிற துணி பேட்ச், சட்டைப் பாக்கெட்டுல தோல் பட்டையோட தொங்கவிடற உலோக பேட்ஜ், காலர்ல குத்திக்கிற பதவிப் பூ. இதான் நம்ம சாம்ராஜ்யம். மொத்தமும் ரெண்டு பிஸ்கட் டின்னுக்குள்ள அடங்கிடும் :-)

இந்த வட்டாரத்துல ஒரு வார்த்தை மாட்டிக்கிட்டு முழி பிதுங்கி நிக்குது. 'அபூர்வம்'. ஒரு பேட்ச்சை இதுக்கு முன்னாடி யாரும் பார்த்ததில்லைன்னா உடனே அது அபூர்வம். எந்தப் புத்தகத்துலயும் இல்லையா, இன்னும் அபூர்வம். எழுத்துப்பிழை இருக்கா? அடடா, பிழை திருத்தறதுக்கு முந்தி வந்த சரக்கு, விலையை ஏத்து! ஏன்யா, ஒரு பொருள் எங்கயுமே கண்ணுல படலைங்கறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாமில்ல? கொஞ்சமாத்தான் செஞ்சாங்க, அதிலயும் முக்காவாசி அழிஞ்சு போச்சுங்கறது ஒண்ணு. அப்படி ஒரு சின்னம் அந்தக் காலத்துல இருந்ததே இல்லைங்கறது இன்னொண்ணு. இந்த ரெண்டாவது காரணத்தைப் பத்தி மட்டும் யாரும் வாயே திறக்க மாட்டேங்கறாங்க. என் எரிச்சலே அதுதான்.

என் கட்சியைத் தெளிவா சொல்லிடறேன். வியட்நாம் சின்னங்கள்ல போலி இப்படிப் பெருகிக் கிடக்கறதுக்குக் காரணம் சைகோன் தையற்காரர் இல்லை. சேர்க்கற நாமதான். 'இது என்னன்னு தெரியலை'ன்னு சொல்றதுக்கு நமக்கு வாய் வரலை. அந்த இடைவெளியிலதான் எல்லா வியாபாரமும் நடக்குது.

சரி, நிஜமாவே அபூர்வமா இருக்கறது ஏன் அபூர்வமாச்சுன்னு முதல்ல பார்த்துடலாம். இது தெரியாமலே பத்து வருஷமா சேர்க்கறவங்க இருக்காங்க.

1975 ஏப்ரல் கடைசியில சைகோன் ரோட்டுல எடுத்த படங்களைப் பார்த்திருப்பீங்க. பூட்ஸும் சட்டையும் தொப்பியுமா ரோடு முழுக்கக் கிடக்கும். ஆள் இருக்க மாட்டான். கழட்டிப் போட்டுட்டு சாதா உடையில வீட்டுக்கு நடந்து போயிட்டான். அதுக்கப்புறம் 'மறுகல்வி' முகாம்கள். லட்சக்கணக்குல ஆட்களைக் கூப்பிட்டாங்க. சில நாள்ல திரும்பிடலாம்னு நம்பி மாத்துத்துணி எடுத்துக்கிட்டுப் போனவங்கள்ல பலபேர் வருஷக்கணக்குல உள்ள இருந்தாங்க. சுவான் லோக்கில் 1975 ஏப்ரல்ல கடைசி பெரிய சண்டை போட்ட 18-ஆம் டிவிஷன் தளபதி லே மின் டாவ் வெளிய வந்தது 1992-ல். பதினேழு வருஷம்!

முகாமுக்குப் போகாத குடும்பத்துக்கும் நிம்மதி கிடையாது. 'லீ லிச்'னு ஒரு தாள். அப்பா யாரு, தாத்தா யாரு, யார் எந்தப் பக்கம் வேலை பார்த்தாங்கன்னு எல்லாம் அதுல எழுதணும். பழைய ராணுவத்தோட தொடர்பு இருந்தா பையனுக்குக் கல்லூரி இல்லை, நல்ல வேலை இல்லை. அப்படி ஒரு வீட்ல பீரோவுக்குள்ள ராணுவச் சட்டை இருந்தா என்ன பண்ணுவாங்க? எரிச்சாங்க, புதைச்சாங்க, ஆத்துல விட்டாங்க. போட்டோ, சான்றிதழ், மெடல், எல்லாம் போச்சு. ஒரு அம்மா சட்டைத் தோள்ல இருந்து பேட்ச்சைப் பிரிச்சு அடுப்புல போட்டிருந்தா, அது கோபத்துல இல்லை. மிச்சம் இருக்கற பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல வெச்சுக்கணுமே, அதுக்காக.

தப்பிப் பிழைச்ச சரக்கு எங்க இருக்குன்னு கேட்டா, இதிலயே பதிலும் இருக்கு. 1975-ல் ஊரை விட்டு வெளியேறின ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்கள்ல சிலர் மடிச்சு எடுத்துட்டுப் போனது. அந்தப் படைகளோட இருந்த அமெரிக்க ஆலோசகர்கள் தங்களோட சட்டையில தெச்சுப் போட்டு ஊருக்குக் கொண்டுபோனது. (ஆலோசகர்கள் தாங்கள் சேர்ந்திருந்த வியட்நாம் பிரிவோட பேட்ச்சையும் போட்டுப்பாங்க. அதனால அமெரிக்கச் சட்டையில வியட்நாம் பேட்ச் இருக்கேன்னு பதற வேண்டாம், அது சரிதான்.) அப்புறம் சிப்பாய்கள் நினைவுப் பொருளா சைகோன்ல வாங்கினது. ஆக, மிஞ்சினது எல்லாமே வெளிநாட்டான் கை பட்டதுதான். அமெரிக்கன் அதிகம் புழங்கின பிரிவோட சின்னம் நிறைய மிஞ்சும். அவன் எட்டிப் பார்க்காத கிராமத்துப் படையோடது மிஞ்சாது. எந்தப் பிரிவு பெரிசு, எது வீரமானது, எது அபூர்வமானதுங்கறதை மிஞ்சின எண்ணிக்கையை வெச்சுக் கணக்குப் போடறதுல எவ்வளவு கோளாறு இருக்கு பாருங்க.

இன்னொரு சிக்கல். நினைவுப் பொருள் வியாபாரம் போருக்கு அப்புறம் வந்ததுன்னு நிறைய பேர் நெனைக்கறாங்க. இல்லை சாமி, போர் நடக்கும்போதே அமோகமா நடந்துச்சு. ராணுவ முகாம் வாசல்ல தையற்கடை இல்லாத ஊரே கிடையாது. சிப்பாய் போய் 'எங்க பிளட்டூனுக்கு ஒரு மண்டையோடு போட்டு, கீழ ஒரு வாசகம் எழுதிக் குடு'ன்னா தெச்சுத் தருவாங்க. பீர் டின் மாதிரி மெல்லிசான தகட்டுல பேட்ஜ் அடிச்சு பெயிண்ட் பூசியும் கொடுத்தாங்க. அதுக்கு சேகரிப்பாளர் வட்டத்துல 'பீர் கேன்' பேட்ஜ்னே பேரு. அதெல்லாம் நூத்துக்கு நூறு அந்தக் காலத்துப் பொருள்தான். ஆனா எந்தப் படைப்பிரிவோட அதிகாரபூர்வச் சின்னமும் இல்லை. அதைப் போய் 'ரகசியப் பிரிவோட சின்னம்'னு எழுதினா? பொருளோட வயசு சரி, அதைச் சுத்தி எழுதின கதை பொய்.

ரகசியப் பிரிவுன்னு சொன்னேனா, அங்கதான் உச்சகட்ட காமெடி. வியட்நாம் சின்னங்கள்லயே அதிக விலை போறது, அதனாலயே அதிகமா போலி போடறது, எஸ்ஓஜி எனப்படற அமெரிக்க ரகசிய நடவடிக்கைப் பிரிவோட பேட்ச்தான். 1964-ல் ஆரம்பிச்சு 1972-ல் கலைச்சாங்க. லாவோஸ், கம்போடியாவுக்குள்ள எல்லை தாண்டிப் போய் வேவு பார்த்தவங்க. சின்னச் சின்ன வேவுக் குழுக்கள். ஒவ்வொண்ணுக்கும் அமெரிக்க மாநிலம், பாம்புன்னு பேரு. ஒவ்வொரு பேருக்கும் ஒரு பேட்ச். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இவங்க காட்டுக்குள்ள போறப்ப பேரு, பதவி, படைச் சின்னம் எதுவுமே இல்லாத உடையிலதான் போனாங்க. பிடிபட்டா எந்த நாட்டுக்காரன்னு தெரியக்கூடாதுங்கறதுதான் திட்டமே. பேட்ச்செல்லாம் முகாமுக்குத் திரும்பி வந்து பீர் குடிக்கறப்ப போட்டுக்கற ஜாக்கெட்டுல. அப்படியிருக்க, 'லாவோஸ் காட்டுல சண்டையில் அணிந்தது, மண்கறையுடன்'னு எழுதி ஆயிரக்கணக்கான டாலருக்கு விக்கறாங்க. வாங்கறவனும் மண்கறையை முகர்ந்து பார்த்துட்டுக் கண்கலங்கறான்!

எதிர்ப்பக்கமும் இதே கூத்துதான். தெற்கே எங்க படையே இல்லைன்னு ஹனோய் வெளியில சொல்லிக்கிட்டு இருந்த காலத்துல, ஹோ சி மின் பாதையில இறங்கி வந்த வடக்குச் சிப்பாய்கள் பெரும்பாலும் பதவிச் சின்னம் இல்லாமத்தான் சண்டை போட்டாங்க. ஆனா 'தெற்கில் கைப்பற்றப்பட்ட வடக்கு அதிகாரி காலர் பட்டை, 1968'னு ஜோடி ஜோடியா கிடைக்குது. சிவப்புல மஞ்சள் நட்சத்திரம், சுத்தி நெற்கதிர், கீழ பல்சக்கரம் போட்ட தொப்பிச் சின்னம் இருக்கே, அது போர் முடிஞ்சும் அதே மாதிரிதான் வந்துட்டிருக்கு. கம்போடியாவுல வியட்நாம் படை 1989 வரைக்கும் இருந்தது. அந்தக் காலத்துச் சரக்கெல்லாம் தேதியைப் பின்னாடி தள்ளி 'டெட் தாக்குதல்' சரக்கா மாறிடுது. டிசைனை மட்டும் வெச்சுக்கிட்டு வருஷம் சொல்றவர் கிளி ஜோசியம் பார்க்கப் போகலாம்.

அப்போ எதை வெச்சுப் பார்க்கறது? திருப்பிப் பாருங்க. பேட்ச்சோட முன்பக்கம் பொய் சொல்லும், பின்பக்கம் அவ்வளவு சுலபமா சொல்லாது. சைகோன் கைவேலைங்கறது கால்ல மிதிக்கிற மெஷின்ல துணியைக் கையால நகர்த்தி நகர்த்திப் போட்ட எம்பிராய்டரி. தையல் ஒரே நீளத்துல இருக்காது. ஒரு கண்ணு பெரிசா, ஒரு கண்ணு சின்னதா புலி முழிக்கும். பின்னாடி பாபின் நூல் ஒரு வண்ணத்துல இருந்து இன்னொரு வண்ணத்துக்குத் தாவிப் போயிருக்கும். ஒரே கடையில ஒரே நாள்ல போட்ட ரெண்டு பேட்ச் கூட அச்சு அசலா இருக்காது. பத்து பேட்ச்சை வரிசையா வெச்சா பத்துலயும் அதே இடத்துல அதே வளைவுல அதே நூல் திரும்புதுன்னா அது கம்ப்யூட்டர் மெஷின், வேற பேச்சே இல்லை. ஓரம் முழுக்கத் தடியா ஓவர்லாக் அடிச்ச மாதிரி சுத்திக் கட்டியிருக்கறது அமெரிக்கத் தொழிற்சாலை வழக்கம். உள்ளூர் சரக்குல பெரும்பாலும் துணியை வெட்டி விட்டிருப்பாங்க, இல்ல மடிச்சுத் தெச்சிருப்பாங்க. பின்னாடி பிளாஸ்டிக் மாதிரி ஒரு பளபளப்பு, இஸ்திரி போட்டா ஒட்டிக்கற பசை இருந்தா நமஸ்காரம் போட்டுட்டு வந்துடுங்க.

பழசாக்கற வித்தை நமக்குப் புதுசில்ல, டீத்தண்ணில ஊறப்போடறது, பூட் பாலிஷ் தேய்க்கறது, மொட்டை மாடில காயப்போடறது. நிஜமா போட்டு வெளுத்தது எப்படி இருக்கும்னு யோசிங்க. வெயில் முன்பக்கம்தானே அடிக்கும்? மடிச்சுத் தெச்ச ஓரத்துக்கு அடியில பழைய வண்ணம் பளிச்சுனு இருக்கணும். துணியைச் சட்டையில தெச்ச ஓட்டை வரிசை இருக்கணும். துவைக்கறப்ப நூலும் துணியும் வேற வேற அளவுல சுருங்கி லேசா குமிழ் விட்டிருக்கணும். முன்னாடி பின்னாடி, மடிப்புக்குள்ளன்னு எல்லா இடத்துலயும் சமமா பழுப்பேறிக் கிடந்தா அது காலம் ஏத்தின பழுப்பு இல்லை, டீக்கடை ஏத்தினது.

அப்புறம் இந்த நீல விளக்குப் பைத்தியம். புற ஊதா விளக்குல காட்டி நூல் ஒளிருதான்னு பார்ப்பாங்க. ஒளிர்ந்தா போலியாம். இது இரண்டாம் உலகப்போர்ச் சின்னங்களைச் சேர்க்கறவங்ககிட்ட இருந்து அப்படியே கடன் வாங்கின சோதனை. 1940-கள் சரக்குக்கு அதுல ஓரளவு அர்த்தம் உண்டு. 1960-கள்ல செயற்கை நூலும் வந்தாச்சு, துணியை வெள்ளையா காட்டற ஒளிர் ரசாயனம் கலந்த சோப்புத்தூளும் வந்தாச்சு. அமெரிக்கன் ஊருக்குப் போய் ஒரு தடவை வாஷிங் மெஷின்ல போட்டிருந்தாக்கூட நிஜ பேட்ச் நிலா மாதிரி ஒளிரும். இதை ஒரு சீனியர்கிட்ட சொன்னதுக்கு 'நீ எத்தனை வருஷமா சேர்க்கற?'ன்னு கேட்டார். நூலுக்கு என் சீனியாரிட்டி எப்படிய்யா தெரியும்?

எழுத்துகளையும் கவனிங்க, ரொம்ப சுவாரசியமான இடம். வியட்நாம் மொழி எழுதறது ரோமன் எழுத்துலதான்னாலும் மேலயும் கீழயும் குறிகள் உண்டு, குறி மாறினா பொருளே மாறிடும். 'ட' ஒலிக்கு ஒரு எழுத்து, அதுக்குக் குறுக்க ஒரு கோடு. கோடு இல்லாட்டி தெற்கே அதை 'ய' மாதிரி சொல்வாங்க. பாராசூட் படைக்கு 'ஞாய் யூ'ன்னு பேரு. (நம்ம ங-வும் ஞ-வும் அவங்க மொழியில சொல்லு முதல்லயே ஜம்முனு வரும். நாம 'ஙப்போல் வளை'யோட நிறுத்திக்கிட்டோம்.) அந்த 'யூ'வுல தேவையில்லாம ஒரு கோடு இழுத்தா வீட்ல சொல்ல முடியாத கெட்ட வார்த்தை ஆயிடும். அப்படி இழுத்த பேட்ச்சை ஒருத்தர் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கறதைப் பார்த்திருக்கேன். சொல்ல மனசு வரலை. ஆனா அவசரப்படாதீங்க. குறி இல்லைன்னா போலின்னு அர்த்தம் இல்லை. இடம் பத்தாம, இல்ல சோம்பல்ல, குறியே போடாம விட்ட நிஜ பேட்ச் எக்கச்சக்கம். விட்டது சகஜம். தப்பான குறியை வேலை மெனக்கெட்டுப் போட்டிருந்தா, தெச்சவனுக்கு அந்த மொழி தெரியாதோன்னு சந்தேகப்படலாம். இதைக்கூட ஒரு சந்தேகமாத்தான் வெச்சுக்கணும், தீர்ப்பா இல்லை.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு, அதுக்குக் காசே ஆகாது. வரலாறு. தென் வியட்நாம் ராணுவத்துல 3-ஆம் டிவிஷன் உருவானதே 1971 அக்டோபர்ல. 1972 ஈஸ்டர் தாக்குதல்ல குவாங் திரியில உடைஞ்சு, மறுபடி கட்டி எழுப்பினாங்க. ஆக, '1968-ல் 3-ஆம் டிவிஷன் வீரர் எனக்குக் கழற்றிக் கொடுத்தது'ங்கற கதையோட வர்ற பேட்ச்சுக்கு நூலையே பார்க்க வேண்டாம். 10-ஆம் டிவிஷன்னு ஒண்ணு 1965-ல் ஆரம்பிச்சாங்க. சைகோன் தெருவுல புழங்கின அரைகுறை ஆங்கிலத்துல 'நம்பர் ஒன்'னா பிரமாதம், 'நம்பர் டென்'னா படுமோசம். ஒரு டிவிஷனுக்கே 'படுமோசம்'னு பேரு! 1967 ஆரம்பத்துல 18-ஆம் டிவிஷன்னு மாத்திட்டாங்க. ஆக 10-ஆம் எண் போட்ட சின்னத்துக்கு வாழ்நாளே ரெண்டு வருஷத்துக்குள்ள. இது காரணத்தோட வர்ற அபூர்வம். தேதி இருக்கு, பேர் மாறின கதை இருக்கு. இந்த மாதிரி ஒண்ணு சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

பதவிச் சின்னத்துல இன்னும் சுலபம். தங்க நிறத்துல மூணு மாய்ப்பூ இருந்தா கேப்டன். வெள்ளி நிறத்துல மூணு பூ இருந்தா கர்னல். தங்கம்தானே பெரிசுன்னு நெனச்சு கேப்டன் பூவை 'கர்னலுடையது'ன்னு விக்கறவங்களும் இருக்காங்க, வாங்கறவங்களும் இருக்காங்க. அரைமணி நேரம் படிக்கற சோம்பலுக்குக் கொடுக்கற விலை அது. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்துல வியட்நாம் ஆவணக் காப்பகம் ஒண்ணு இருக்கு. லட்சக்கணக்கான பக்கங்களையும் தேதி போட்ட புகைப்படங்களையும் வருடி எடுத்து இலவசமா திறந்து வெச்சிருக்காங்க. ஒரு பேட்ச் தேதி தெரிஞ்ச புகைப்படத்துல ஒரு தோள்ல இருக்கான்னு தேடறதுதான் அடையாளம் காணறது. மத்ததெல்லாம் ஜல்லி.

சைகோன் தையற்காரர் மேல பழி இல்லைன்னு சொன்னேனே, அதுக்கு வர்றேன். 2013-ல் ஹோ சி மின் நகரம் போயிருந்தேன். திருவோங் டின் தெருவுல நம்ம மாரியம்மன் கோயில் இருக்கு. செட்டியார்களும் பாண்டிச்சேரி, காரைக்கால்காரங்களும் அங்க புழங்கின காலத்துக் கோயில். இப்ப வியட்நாம் பொம்பளைங்க கட்டுக்கட்டா ஊதுபத்தி பிடிச்சுக்கிட்டு சுவத்துல நெத்தியை வெச்சு வேண்டிக்கறாங்க. கும்பிட்டுட்டு அங்கிருந்து பழைய ராணுவச் சாமான் விக்கற டான் சின் சந்தைக்குப் போனேன். ஒரு கடையில அம்பது வயசு அம்மா. கண்ணாடிப் பெட்டி நிறைய பேட்ச். மஞ்சள் நட்சத்திரத்து மேல உறுமற கருஞ்சிறுத்தைத் தலை, அதான் ரேஞ்சர் படை. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அந்தம்மா கையை ஆட்டி 'நியூ, நியூ, காப்பி'ன்னாங்க. விலையும் காப்பிக்கான விலைதான், ஒரு டீ பன் காசு. பக்கத்துல ஒரு வெள்ளைக்காரர் கைநிறைய அள்ளிட்டு இருந்தார். அவர்கிட்டயும் அதே 'காப்பி'. அவரும் சிரிச்சுட்டுத் தலையாட்டினார்.

சொல்லுங்க, இதுல பொய் சொன்னது யாரு? அந்தம்மா காப்பின்னு சொல்லித்தான் வித்தாங்க. அமெரிக்கா 1994-ல் வர்த்தகத் தடையை நீக்கினதுல இருந்து வந்து குவியற சுற்றுலாக்காரங்களுக்கு ஒரு பொம்மை வேணும், செஞ்சு தர்றாங்க. பிழைப்பு. அந்த காப்பி விமானம் ஏறி இறங்கறதுக்குள்ள அதுக்கு ஒரு மாமா முளைச்சுடறார். மாமா 1967-ல் சண்டை போட்டவர். மாமாவோட டிரங்க் பெட்டி. பெட்டிக்குள்ள இந்த பேட்ச். மாமா செத்துப்போயிட்டார், கேக்க முடியாது. இந்த மாமாவைப் பெத்துப்போட்டது சந்தைக்காரம்மா இல்லை, நம்ம சேகரிப்பாளர் சமூகம். கதை இல்லாத பேட்ச்சை நாம வாங்க மாட்டோம். அதனால கதை வருது.

'போனாப் போவுது, ஒரு துண்டுத் துணிதானே, இதுல யாருக்கு என்ன நஷ்டம்?'னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும்.

இதே சந்தைகள்ல அமெரிக்கச் சிப்பாய்களோட டாக்-டேக், அதான் கழுத்துல போடற பேர்த்தகடு, குவியலா வித்தாங்க. அடிச்சது அந்த ஊர்லயே. பார்த்த யாத்திரிகர்கள் பதறிப்போய், ஐயோ காணாமப்போன யாரோட பிள்ளையோடதோன்னு, வாங்கிட்டுப் போய் அரசாங்கத்துகிட்ட கொடுத்தாங்க. காணாமப்போனவங்களைத் தேடற அமெரிக்க அமைப்பு இந்த மாதிரித் தகடு தகவல்கள்லயே வருஷக்கணக்கா மல்லுக்கட்டிச்சு. அந்தப் பேருங்கள்ல பெரும்பாலானவங்க உயிரோட ஊர் திரும்பினவங்க. காணாமலே போகாத ஆள். நடுவுல நிஜமாவே ஒரு பிள்ளைக்காகக் காத்திருக்கற குடும்பத்துக்கு ஒரு போன் போயிருந்தா? அந்த ராத்திரியை நெனச்சுப் பாருங்க.

வியட்நாம்காரங்க பக்கம் இன்னும் கொடுமை. காணாமப்போனவங்க, எலும்பு கிடைச்சும் பேர் தெரியாதவங்கன்னு லட்சக்கணக்குல. வடக்குக் குடும்பங்கள் இன்னும் தேடிட்டு இருக்காங்க. தோத்த பக்கத்துக்குத் தேடறதுக்கு ஒரு அரசாங்கம் கூட இல்லை. பியென் ஹோவா பக்கத்துல இருக்கற அந்த ராணுவத்தோட பெரிய இடுகாடு 1975-க்கு அப்புறம் ராணுவக் கட்டுப்பாட்டுல இருந்தது, 2006-லதான் சிவில் நிர்வாகத்துக்கு மாத்தினாங்க. வாசல்ல உக்கார்ந்து துக்கம் காத்த சிப்பாய் சிலையையும் போர் முடிஞ்சதும் அகற்றிட்டாங்க. இப்படி ஒரு ராணுவத்துல ஒருத்தன் இருந்தான், இந்தப் பிரிவுல இருந்தான்னு காட்டறதுக்கு மிஞ்சினது பல சமயம் ஒரு போட்டோ, தோள்ல ஒரு பேட்ச். பேரன் அமெரிக்காவுலயோ ஆஸ்திரேலியாவுலயோ வளர்ந்தவன், தாத்தா எந்தப் பிரிவுன்னு தேடறான். தேடிப் போனா நாம எழுதி வெச்ச குப்பை அவன் காலைச் சுத்துது. இல்லாத பட்டாலியன், நடக்காத ஆபரேஷன், யாரோ கற்பனை பண்ணின மண்டையோடு. இதுதான் நஷ்டம். காசு போனது உங்க தலையெழுத்து, அதைப் பத்தி எனக்குக் கவலை இல்லை.

இன்னொரு வேடிக்கையும் பாருங்க. பிராந்தியப் படை, கிராமப் படைன்னு ரெண்டு இருந்தது. வியட்நாம் மொழியில டியா ஃபுவோங் குவான், ஙியா குவான். 1970-களோட ஆரம்பத்துல தென் வியட்நாமோட மொத்தப் படையில ஏறக்குறைய பாதி இவங்கதான். சொந்த ஊர்ப் பாலத்தையும் வாய்க்காலையும் காவல் காத்த விவசாயிகள். மட்டமான துப்பாக்கி, கம்மி சம்பளம், செத்ததுல பெரும்பங்கு. இவங்க சின்னத்தைப் போலி போட யாருக்கும் தோணலை. ஏன்னா கேக்கறதுக்கு ஆள் இல்லை. புலி இல்லை, மண்டையோடு இல்லை, ரகசியம் இல்லை. எதைப் போலி பண்றாங்கங்கற பட்டியலைப் பார்த்தீங்கன்னா அது வியட்நாம் போரோட வரலாறு இல்லை, சேகரிக்கறவனோட ஆசைப் பட்டியல்.

'அப்போ எல்லாத்தையும் சந்தேகப்பட்டுட்டே இருந்தா சேர்க்கறதுல என்ன சுகம்?'னு என் நண்பர் ஒருத்தர் கேட்டார். நல்ல கேள்விதான். என் டின்னுல ஒவ்வொரு பேட்ச்சோடயும் ஒரு சீட்டு இருக்கு. யார்கிட்ட, எப்ப, எவ்வளவுக்கு வாங்கினது, பின்பக்கம் என்ன சொல்லுது, எந்தப் படத்துல பார்த்தேன். 'விற்றவர் சொன்னது'ன்னு ஒரு தனி வரி. அதை மத்த வரிகளோட கலக்கறதே இல்லை. பாதி சீட்டுல கடைசி வரி 'தெரியலை'தான். சுகத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. தெரியாத ஒண்ணு ஒருநாள் ஒரு மங்கின போட்டோவுல, ஒரு பையனோட தோள்ல, தேதியோட வந்து நிக்கும் பாருங்க. அந்த நிமிஷத்துக்காக அம்பது 'தெரியலை' எழுதலாம். அவரு இன்னும் நம்பலை. மாமா கதை இருக்கற பேட்ச்சைத்தான் தேடிட்டு இருக்கார். வாழ்க வளமுடன்.

அடுத்து 18-ஆம் டிவிஷன் பத்தித் தனியா எழுதணும்னு இருக்கேன். அவங்க பேட்ச் யார்கிட்டயாவது இருந்தா பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்க. பக்கத்துல ஒரு ரூபாக் காசு வெச்சு எடுத்தா அளவு தெரியும். முன்பக்கம் வேண்டாம், எனக்கு மனப்பாடம்.